"இங்க என்னங்க இருக்கு?" என்று நான் சொன்ன பதில்

கொஞ்சம் நீளமான பதிவு இது. பொறுமையாகப் படியுங்கள். ஒரு தவறை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கொடைக்கானல் போகிறவர்கள். தெரிந்தவர் ஒருவர் வந்து சேர்ந்துகொள்ள வேண்டுமாம், அதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. அந்த மனிதர் என்னிடம் கேட்டார்: "ஐயா, அதுவரைக்கும் பிள்ளைங்களுக்குக் காட்ட இந்த ஊர்ல ஏதாவது இருக்கா?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இங்க என்னங்க இருக்கு? ஒரு பிரியாணி சாப்பிடுங்க, ஒரு பூட்டு வாங்குங்க, பஸ் ஏறுங்க" என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. முப்பத்தொரு வருஷம் இதே ஊரில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் மலைக்கோட்டை. அதைக்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்தக் குடும்பத்துக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை எழுதிவிடுகிறேன்.

முதலில் கோட்டை. ஊருக்குப் பெயர் கொடுத்ததே அந்தப் பாறைதான். திண்டு மாதிரி கிடக்கும் கல், ஆகவே திண்டுக்கல் என்பார்கள். மேலே கோட்டை கட்டியது மதுரை நாயக்கர்களில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், 1605-ல். பிறகு திருமலை நாயக்கர் காலத்தில் பலப்படுத்தினார்கள்.

படியேறும்போது பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், இவ்வளவு மேல வந்து ஏன் கட்டுனாங்க?" இதற்குப் புத்தகத்தில் பதில் தேட வேண்டாம். உச்சிக்குப் போய் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தால் போதும். கிழக்கே சிறுமலை. மேற்கே, தென்மேற்கே பழனி மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசல் மாதிரி சமவெளி. மைசூரிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ மதுரைக்குப் படை கொண்டு போகிறவன் இந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும். வாசலில் ஒரு பாறை. பாறையில் பீரங்கி. அவ்வளவுதான் திண்டுக்கல்லின் வரலாறு. மற்றதெல்லாம் அந்தப் பாறை யார் கையில் இருந்தது என்கிற கதை.

திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் 'மூக்கறு போர்' என்று ஒன்று நடந்தது நினைவிருக்கும். அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்த போர். அப்போது மைசூர்ப் படை மதுரை வரை வந்தது. அதைத் துரத்தியடிக்க ராமநாதபுரம் சேதுபதியின் படை வர வேண்டியிருந்தது. அதன் பிறகு நூறு வருஷத்தில் மைசூர்க்காரர்கள் இந்தக் கோட்டைக்கே சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

1755-ல் மைசூர் அரசு ஒரு படைத்தலைவரைத் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக அனுப்பியது. சுற்றியிருந்த பாளையக்காரர்கள் வரி கட்டவில்லை, அவர்களை அடக்க வேண்டும் என்பது வேலை. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று சொல்வார்கள், ஆனால் கணக்கில் புலி. அவர்தான் ஹைதர் அலி. இங்கே உட்கார்ந்துதான் அவர் பணம் சேர்த்தார், ஆள் சேர்த்தார், பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு தேர்ந்த கைவினைஞர்களை வரவழைத்துப் பீரங்கிப் பட்டறையும் ஆயுதக் கிடங்கும் அமைத்தார். ஆறே வருஷத்தில், 1761-ல், மைசூர் ராஜ்யமே அவர் கைக்குப் போனது. மைசூர் வரலாற்றைப் படிக்கிறவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பார்க்கப் போகிறார்கள். ஹைதர் ஏறிய ஏணியின் முதல் படி நம் ஊர்ப் பாறை.

அவர் விட்டுப்போன இன்னொரு அடையாளமும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பேகம்பூர் என்று தினமும் சொல்கிறோமே, அந்தப் பேகம் யார்? ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம். பிரசவத்தில் இறந்துபோனவர் என்பார்கள். அவர் அடக்கமான இடம் அங்கே இருப்பதால் அந்தப் பெயர். தினமும் "பேகம்பூர் இறங்குறவங்க வாங்க" என்று கண்டக்டர் கத்துகிறார். பிரசவத்தில் போன ஒரு பெண்ணின் நினைவு அந்தக் குரலில் இருக்கிறது.

பிறகு ஆங்கிலேயர். பிடித்தார்கள், விட்டார்கள், மறுபடி பிடித்தார்கள். கடைசியாக 1790-ல் எடுத்ததை 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு எழுதிக்கொடுத்துவிட்டார். மதுரைச் சீமையில் கும்பெனி நேரடியாக வரி வாங்கத் தொடங்கிய முதல் இடங்களில் ஒன்று நம் ஊர்.

மேலே போனால் என்ன பார்க்கலாம்? இடிந்த கோயில் ஒன்று. அங்கிருந்த அபிராமி அம்மன் கீழே ஊருக்குள் காளஹஸ்தீஸ்வரர் கோயிலுக்கு வந்துவிட்டாள். சிப்பாய்கள் தங்கிய கட்டடங்கள். காற்றோட்டத்தோடு கட்டிய வெடிமருந்துக் கிடங்கு. பீரங்கி மேடைகள். பாறையிலேயே மழைநீர் தேங்கும் சுனைகள். அந்தச் சுனைகளைத்தான் நான் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுவேன். எவ்வளவு பீரங்கி இருந்தாலும் தண்ணீர் இல்லாத கோட்டை பத்து நாள் தாங்காது. பெயரைக் கிறுக்கி வைத்த காதலர்களின் கைவண்ணமும் சுவர் முழுக்க இருக்கும். அதைக் காட்டாமல் அழைத்து வாருங்கள்.

மூன்று மணி நேரத்துக்கு இது போதும். ஒரு நாள் இருந்தால்?

கரூர் சாலையில் வடக்கே ஒரு எட்டு கிலோமீட்டர் போனால் தாடிக்கொம்பு. குடகனாற்றங்கரையில் சௌந்தரராஜப் பெருமாள் கோயில். தாயார் சன்னதிக்கு முன்னால் உள்ள மண்டபத்துக்கு நேராகப் போய்விடுங்கள். ஒற்றைக் கல்லில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற நாயக்கர் காலச் சிற்பங்கள். பெருமாள் கோயில்தான், ஆனால் அங்கே ஊர்த்துவ தாண்டவம் ஆடுகிற சிவன் இருக்கிறார், அகோர வீரபத்திரர் இருக்கிறார். உலகளந்த பெருமாளும் இரணியனைக் கிழிக்கிற நரசிம்மரும் அவர்களுக்கு அக்கம்பக்கத்துக்காரர்கள். ரதியும் மன்மதனும் தனி. கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

தாடிக்கொம்பில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குடகனாறு வடக்கே ஓடுகிறது. ஓடி அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. ஆனால் திண்டுக்கல்லுக்குத் தெற்கே நிலக்கோட்டை, வத்தலக்குண்டுப் பக்கம் விழுகிற மழை வைகைக்குப் போகிறது. நம் மாவட்டத்தில் பெய்கிற மழை இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி பூம்புகார்ப் பக்கமும் இன்னொரு பாதி ராமநாதபுரத்துப் பக்கமும் நடக்கத் தொடங்குகிறது. மலை நடுவே இருக்கிற வாசல் படைக்கு மட்டும் வாசல் இல்லை, தண்ணீருக்கும் அதுதான் வரப்பு.

அந்தக் குடகனாற்றின் தலைப்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றால் செம்பட்டி வழியாக ஆத்தூருக்குப் போங்கள். காமராஜர் நீர்த்தேக்கம். மூன்று பக்கம் மலை, நடுவில் தண்ணீர். விடியற்காலையில் போனால் பறவைகள். பரிசலில் மீன் பிடிக்கிறவர்கள் வலை எடுத்துக்கொண்டிருப்பார்கள். படம் எடுக்க வருகிற இளைஞர்கள் இப்போது அதிகம், நல்ல விஷயம். ஆனால் அவர்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் படம் எடுப்பது தங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை என்று தெரியும்? திண்டுக்கல் நகரம் பல பத்தாண்டுகளாகக் குடித்தது அந்த நீரைத்தான். ஏரி வற்றிய வருஷங்களில் எங்கள் தெருவில் குடத்தோடு நின்ற வரிசை எங்கே முடியும் என்று எனக்குத் தெரியும், நானும் நின்றிருக்கிறேன். அந்தக் கரையில் காலி பாட்டிலை எறிகிறவன் தன் வீட்டுக் குடத்துக்குள்தான் எறிகிறான்.

மதுரை சாலையில் சின்னாளபட்டி. சுங்குடிச் சேலைக்குப் பேர்போன ஊர். பக்கத்திலேயே காந்திகிராமம். 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது. டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், மருத்துவர். நகரத்தில் மருத்துவமனை வைத்திருந்தால் யார் என்ன சொல்லியிருப்பார்கள்? அவர் வந்து இறங்கிய இடம் நெசவாளர்களின் ஊர். சின்னாளபட்டியில் ஒரு சிறு பிரசவ விடுதியாகத் தொடங்கியதுதான் இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனை. காந்திகிராமத்தின் உள்ளே மர நிழலில் நடந்து பாருங்கள். பேகம்பூரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அரசனின் தங்கைக்கே இல்லாத வசதி, இருநூறு வருஷத்துக்குப் பிறகு ஒரு நெசவாளி வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்தது.

மலை வேண்டுமென்றால் சிறுமலை. ஊரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர், பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். கீழே வேர்க்கும், மேலே போர்வை தேடுவீர்கள். பஸ் இருக்கிறது. ஜன்னலோரம் உட்காருங்கள். சிறுமலை வாழைப்பழத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சின்னதாக, தோல் மெல்லியதாக, நாள் கழிந்தாலும் அழுகாமல் சுண்டுகிற பழம். விருப்பாச்சி மலை வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு அந்த ருசி வருவது இந்த மலை வாழையால்தான்.

ஆனால் இன்று நீங்கள் சிறுமலையில் பார்க்கிற வாழை, என் அப்பா பார்த்த வாழைக்கு ஒரு மூலைகூட இல்லை. முடிக்கொத்து நோய் என்று ஒரு வைரஸ். அசுவினிப் பூச்சி அதைச் செடிக்குச் செடி கொண்டுபோகும். இலையெல்லாம் குருத்திலேயே குறுகிக் கொத்தாக நிற்கும், குலை தள்ளாது. 1970-களில் அது மலைத் தோட்டங்களைத் துடைத்துப்போட்டது. வாழை இருந்த இடத்தில் பலர் காப்பி, மிளகு, எலுமிச்சை என்று மாறிக்கொண்டார்கள். பிறகு நோய் இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக மீட்டிருக்கிறார்கள். சாலை போகாத தோட்டங்களிலிருந்து குதிரைகள்தான் விளைச்சலைச் சுமந்து வரும். பொங்கல் சமயத்தில் அங்கே அந்தோணியார் கோயிலில் அந்தக் குதிரைகளைக் குளிப்பாட்டி அலங்கரித்து மந்திரிக்கக் கொண்டுவருவார்கள். சுற்றுலாப் பயணி சவாரி செய்யும் குதிரை வேறு, இது வேறு. இது ஒரு வீட்டுக்குச் சோறு போடுகிற குதிரை. இறங்கி வந்ததும் ஊருக்குள் இருக்கிற சிறுமலை செட்டில் எலுமிச்சை ஏலம் விடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். அப்போதுதான் மலையைப் பார்த்தது முழுமையாகும்.

கடைசியாக ஒரு கிராமம். ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி சாலையில் விருப்பாச்சி. பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மலையடிவாரம், தென்னை, தலையூத்து அருவி. மழைக்காலத்தில் அருவி ஆளை இழுக்கும், உள்ளூர்க்காரர் சொல்வதைக் கேட்டு நடங்கள்.

1772-ல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் கும்பெனிப் படையாலும் நவாபின் படையாலும் கொல்லப்பட்ட பிறகு, ராணி வேலு நாச்சியார் மகளோடு தப்பி வந்த ஊர் இதுதான். பிரதானி தாண்டவராய பிள்ளை கூட இருந்தார். மருது சகோதரர்கள் கூட இருந்தார்கள். அடைக்கலம் கொடுத்தவர் விருப்பாச்சி பாளையக்காரர் கோபால நாயக்கர். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தோற்றுப்போன ஒரு ராஜ்யத்தின் விதவை. அவரை வைத்துக்கொண்டால் கும்பெனி பகை, நவாப் பகை. "அம்மா, பக்கத்து ஊர் பாருங்க" என்று கோபால நாயக்கர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எட்டு வருஷம். திண்டுக்கல் அப்போது ஹைதர் அலியின் கையில். அவரிடம் உதவி பெற்று, 1780-ல் வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார்.

கோபால நாயக்கர் என்ன ஆனார்? 1800-ல் பாளையக்காரர்களைத் திரட்டிக் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கத் திட்டம் போட்டவர்களில் அவர் முதன்மையானவர். 1801-ல் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். திண்டுக்கல்லில் ஒரு குளத்தங்கரையில், அதனால்தான் அந்தக் குளம் கோபாலசமுத்திரம் ஆயிற்று என்பது நம் ஊர் வழக்கு. விருப்பாச்சியில் இப்போது அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. கோபாலசமுத்திரக் கரையில் நடைப்பயிற்சி போகிற என் நண்பர்கள் பத்துப் பேரிடம் கேட்டேன். மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. மூன்று பேருமே என்னிடம் படித்தவர்கள் இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் எல்லோரும் நம் ஊரில் பஸ் மட்டும் மாறுகிறார்கள்?

இதற்கும் வரலாறு உண்டு. 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். சுற்றிப் பார்க்கவா போனார்கள்? சமவெளியின் காய்ச்சலிலும் நோயிலும் குடும்பம் குடும்பமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள், உயிர் பிழைக்கப் போனார்கள். 1875-ல் திருச்சி மதுரை ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூரில் இறங்கி மாட்டு வண்டியில் மலையடிவாரம், அங்கிருந்து நடையாகவோ ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோ மேலே. அந்த ஸ்டேஷனுக்கே பிறகு கொடைக்கானல் ரோடு என்று பெயர் வந்துவிட்டது. அன்றிலிருந்து நம் சமவெளி என்பது மலைக்குப் போகிற வழி, அவ்வளவுதான். வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து வேகமாகக் கடந்த வழியை நாமும் அவன் கண்ணாலேயே பார்த்துப் பழகிவிட்டோம்.

ஆக, எனக்குப் புரிவது இதுதான். இன்று "டூரிஸ்ட் ஸ்பாட்" என்று சொல்கிற ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாருக்கோ அவசரமாகத் தேவைப்பட்ட இடம். கோட்டை பாதுகாப்புக்கு. ஆத்தூர் தாகத்துக்கு. காந்திகிராமம் பிரசவத்துக்கு. சிறுமலை வயிற்றுக்கு. விருப்பாச்சி அடைக்கலத்துக்கு. கொடைக்கானல்கூட உயிருக்கு. அந்தத் தேவையைச் சொல்லிக் காட்டினால் கல்லும் குளமும் பேசும். சொல்லாவிட்டால் காற்று வாங்கிவிட்டு வரலாம், அவ்வளவுதான். சொல்ல வேண்டியவர்கள் யார்? உள்ளூர்க்காரர்கள்.

இந்த இடத்தில் ஒரு தூரத்து ஊரின் கதை சொல்ல வேண்டும். பிரான்ஸ் தேசத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், கொலோன்ஜ் லா ரூஜ் என்ற சிறு கிராமத்துக்குப் போய்விட்டுப் படம் அனுப்பியிருந்தார். வீடு, கோயில், கோபுரம் எல்லாம் செம்மணற்கல். ஊரே செக்கச்செவேல் என்று இருக்கிறது. அந்த ஊர் மேயராக இருந்தவர் சார்ல் செராக். சின்னச் சின்ன கிராமங்களிலிருந்து ஆட்கள் நகரத்துக்குப் போய்விட, அழகான வீடுகள் பூட்டிக் கிடந்த காலம். 1982-ல் அவர் அறுபதுக்கும் மேற்பட்ட கிராமங்களைச் சேர்த்து 'பிரான்சின் மிக அழகான கிராமங்கள்' என்று ஒரு சங்கம் தொடங்கினார். மக்கள்தொகை 2000-க்கு மேல் இருந்தால் சேர முடியாது. பாதுகாக்கப்பட்ட பழைய சின்னங்கள் இரண்டாவது ஊருக்குள் இருக்க வேண்டும். ஊர்க்காரர்களே சேர்ந்து தங்கள் ஊரைப் பேணி, வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். உலகம் வருகிறது. அந்த யோசனையைப் பார்த்து வேறு நாடுகளும் இப்படிச் சங்கம் வைத்துக்கொண்டன.

செராக் என்ற பெயரைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் செராக் பாதிரியாருக்கு உறவா? உறவென்ன, அண்ணன் தம்பி! லயோலா மாணவர்களுக்கும் மானாமதுரை விவசாயிகளுக்கும் தெரிந்த பியர் செராக் அடிகளார். 1937-ல் இந்தியா வந்து, தமிழ் படித்து, மானாமதுரையின் வறண்ட காட்டில் பண்ணை வைத்து, கிணறு வெட்ட ஊர் ஊராக உதவியவர். 2012-ல் சென்னையில் மறைந்தார். ஒரு சகோதரர் தன் கிராமத்தைக் காட்டி அதைக் காப்பாற்றினார். இன்னொருவர் யாரும் பார்க்க வராத கிராமங்களுக்கு வந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். இரண்டும் ஒரே வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த ஊரில் ஒன்றுமில்லை என்று இருவருமே சொல்லவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்பைக் கோட்டைக்கு அழைத்துப் போவேன். பள்ளியின் பெயர் வேண்டாம். வகுப்பறை ஜன்னலிலிருந்து பார்த்தால் பாறை தெரியும். நடந்தே போவோம். புளிசாதமும் உருளைக்கிழங்கும். ஒரு வருஷம், இறங்கும்போது ஒரு பையன் ஓடினான், சறுக்கினான், கால் எலும்பு முறிந்துவிட்டது. அவன் அப்பா கூலி வேலை செய்கிறவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "இனிமே இதெல்லாம் வேணாம் சார்" என்றார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அதன் பிறகு ஓய்வு பெறும் வரை கோட்டையைக் கரும்பலகையில்தான் நடத்தினேன். 1605, 1755, 1792. ஜன்னலில் பாறை நின்றது, என் முதுகு ஜன்னல் பக்கம், சாக்பீஸ் கையில். கோட்டை இரண்டு மார்க் கேள்வியாகிவிட்டது. வருஷத்துக்கு நூறு பிள்ளைகள் என்று வைத்தாலும், எத்தனை பேர் அதைப் பார்க்காமலே மனப்பாடம் செய்துவிட்டுப் போயிருப்பார்கள்? அவர்கள்தான் இன்று வளர்ந்து, வெளியூர்க்காரன் கேட்டால் "இங்க என்ன இருக்கு" என்கிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தது? நான்தான். பேருந்து நிலையத்தில் என் வாயில் வந்தது, நானே பல வருஷம் நடத்திய பாடம்.

அந்தப் பையனைத் தேடிப்போனேன். இப்போது நாற்பதைத் தாண்டியவர், கேட் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கால் நன்றாக இருக்கிறது. டீ வாங்கிக் கொடுத்தார். நான் இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு கேட்டார்:

"என் காலுதானே சார் ஒடஞ்சது? நீங்க ஏன் சார் நிறுத்துனீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒரு காரியம் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, கோட்டைக் கதவு திறக்கும் நேரத்துக்கு நான் அடிவாரத்தில் நிற்பேன். என் முட்டி பழைய முட்டி இல்லை, மெதுவாகத்தான் ஏறுவேன். பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் வரலாம். கட்டணம் கிடையாது, தொல்லியல் துறைக்கு நுழைவுச் சீட்டு மட்டும் எடுக்க வேண்டும். தொப்பி, தண்ணீர், பிடிமானமான செருப்பு. தின்பண்டப் பையைக் குரங்குக்குக் காட்ட வேண்டாம். இறங்கும்போது யாரும் ஓடக் கூடாது, இதை நான் மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங் பட்டறைக்காரர் தன் மகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு.

தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பரே, இந்தப் பதிவு எப்படியாவது உங்கள் கண்ணில் பட்டால், அன்று நான் சொன்னது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒரு பஸ் முன்னாலேயே வாருங்கள்.